மேக்கா, விண்டோஸா? பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரி அட்மிஷனும் முடிந்துவிட்டால், கோவை வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு அடுத்த பேச்சு லேப்டாப்தான். கம்ப்யூட்டர் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவன் என்று பெயர் எடுத்துவிட்டதால், மே, ஜூன் மாதங்களில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடு வருகின்றன. "ஏனுங்க, புள்ளைக்கு ஆப்பிள் வாங்கலாமுங்களா, இல்ல சாதாரண லேப்டாப்பே போதுமுங்களா?"

நான் பதில் சொல்வதில்லை. "அதுல என்ன வேலை பண்ணப் போறாங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் மறுமுனையில் சற்று நேரம் பேச்சு இருக்காது. கலர், எடை, விலை எல்லாம் பார்த்து வைத்திருப்பார்கள். வேலையை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மேக் என்பது ஆப்பிள் நிறுவனம் வடிவமைத்துத் தன் பெயரிலேயே விற்கும் கம்ப்யூட்டர். அதன் லேப்டாப் வடிவம்தான் மேக்புக். அதை இயக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மேக் ஓஎஸ். விண்டோஸ் என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆப்பரேட்டிங் சிஸ்டம். டெல், எச்.பி., லெனோவா, ஏசர், ஆசூஸ் எனப் பல நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்களில் அதைப் பதிந்து விற்கின்றன. அதனால் விண்டோஸ் லேப்டாப்பில் மலிவும் உண்டு, மேக்கை மிஞ்சும் விலையும் உண்டு.

முக்கியமான சங்கதி ஒன்றுதான். விண்டோஸுக்காக எழுதப்பட்ட புரோகிராம் மேக்கில் அப்படியே ஓடாது. அந்த நிறுவனம் மேக்குக்கும் தனியாக எழுதி வெளியிட்டிருக்க வேண்டும். போட்டோஷாப், எக்செல், வேர்ட் போன்றவை இரண்டிலும் கிடைக்கின்றன. ஜிமெயில், யூடியூப், பேங்க் இணையதளம் என்று பிரவுசரில் திறப்பவை எல்லாம் இரண்டிலும் ஒன்றேதான். உங்கள் வேலை முழுக்க பிரவுசரிலேயே முடிந்துவிடும் என்றால், கையில் இருக்கும் பணத்துக்கு எது பிடிக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

டேலி இருக்கும் வீடு

கொங்கு நாட்டில் கணக்கு என்றால் டேலி. ஈரோட்டு மஞ்சள் மண்டி, திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை பம்ப் பட்டறை, கரூர் ஜவுளி ஏற்றுமதி என எங்கே போனாலும் கணக்கு எழுதுபவர் முன்னால் அந்த ஸ்கிரீன்தான் இருக்கும். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஆலைகளுக்கும் நெசவு மில்களுக்கும் இயந்திர பாகங்கள் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் தொழிலின் கணக்கைப் பார்க்கச் சரியான புரோகிராம் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். அப்படித்தான் 1986ல் டேலி பிறந்தது. மில்லுக்குப் பொருள் விற்றவர் வீட்டில் பிறந்த சாப்ட்வேர் நம்மூரில் வேர் விட்டதில் ஆச்சரியமில்லை. முதலில் டாஸில் ஓடியது, பிறகு விண்டோஸுக்கு வந்தது. 2020ல் வெளிவந்த டேலி பிரைமும் விண்டோஸில் இன்ஸ்டால் செய்வதற்கான புரோகிராம்தான். மேக்குக்கு என்று தனிப் பதிப்பு கிடையாது.

"அதுக்குத்தான் வழி இருக்குதே" என்று கடையில் சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் செலவும் இருக்கிறது. முன்பு இன்டெல் சிப் போட்ட மேக்குகளில் பூட் கேம்ப் என்ற வசதி இருந்தது. ஒரே மெஷினில் மேக் ஓஎஸ், விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஆன் செய்யும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறத் தொடங்கியது. அந்த வரிசை மேக்குகளில் பூட் கேம்ப் கிடையாது. பேரலல்ஸ் என்ற புரோகிராமை வாங்கி, அதற்குள் விண்டோஸ் 11ஐ ஓட்டலாம். 2023ல் மைக்ரோசாப்டும் இதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனால் பேரலல்ஸுக்குத் தனிக் காசு, விண்டோஸ் லைசென்ஸுக்குத் தனிக் காசு, டேலிக்குத் தனிக் காசு. மெமரியும் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்களுக்குப் பங்கிடப்படும். இன்னொரு வழி, டேலியை இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவது. நெட் நின்றால் கணக்கும் நிற்கும்.

டேலியை மவுஸ் பிடித்து ஓட்டுபவர்கள் குறைவு. பேமெண்ட்டுக்கு எப்5, ரசீதுக்கு எப்6, விற்பனைக்கு எப்8, கொள்முதலுக்கு எப்9 என்று விரல் தானாகப் போகும். மேக்கில் அந்தக் கீகள் வெளிச்சம் கூட்டுவது, சத்தம் குறைப்பது போன்ற வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாளைக்கு இருநூறு பில் போடுபவருக்கு இது சின்ன விஷயமில்லை. பில் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வீட்டில் இருந்தால், அதற்கு மேக் டிரைவர் கிடைக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

டேலியோடு சேர்ந்து வருபவை வேறு. ஜிஎஸ்டி தளத்தில் டவுன்லோடு செய்யும் ஆப்லைன் டூல் விண்டோஸுக்கானது. மேக்ரோ எழுதிய எக்செல் பைல்கள் சில மேக் எக்செல்லில் முரண்டு பிடிக்கும். மைக்ரோசாப்ட் ஆக்சஸ் மேக்கில் இல்லவே இல்லை. டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன் வைத்திருப்பவர்கள், அதை விற்றவரிடமே மேக் டிரைவர் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

சென்ற வருடம் திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒரு குடும்பம் இந்தக் கேள்வியோடு வந்தது. மகள் பி.காம். சேர்ந்திருந்தார். தோழிகள் பலரும் மேக்புக் வைத்திருப்பதாகச் சொல்லி அவருக்கும் அதில் ஆசை. அம்மா மகளிர் குழுவில் லோன் போட்டுப் பாதிப் பணம் புரட்டியிருந்தார். மீதியை அப்பா வரவேண்டிய பாக்கியை நம்பிச் சொன்னார். பேசப் பேசத்தான் முழு விவரம் தெரிந்தது. கணக்கெழுத மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்திருந்தார்கள். இனி மகளே சாயங்காலத்தில் டேலியில் பில் போடுவார், அந்தச் சம்பளம் மிச்சமாகும், அதிலேயே லோனைக் கட்டிவிடலாம் என்பது வீட்டுத் திட்டம். அந்தத் திட்டமே லேப்டாப்பில் டேலி ஓடுவதை நம்பித்தான் நின்றது.

அந்தப் பெண்ணிடம் நேராகவே சொன்னேன்: "மேக் நல்ல மெஷின்தான் கண்ணு. ஆனா நீ பார்க்கப்போற வேலைக்கு அது ஆகாது." முகம் வாடித்தான் போயிற்று. 16 ஜிபி மெமரி, 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு விண்டோஸ் லேப்டாப் 58,000 ரூபாய்க்கு அமைந்தது. அம்மா எடுத்த லோனில் சில ஆயிரங்கள்தான் கூடுதலாகத் தேவைப்பட்டது. அப்பாவின் பாக்கி இன்னும் முழுதாக வரவில்லை என்று அண்மையில் சொன்னார்.

மேக்கே வாங்கச் சொன்ன இடம்

இதைப் படித்துவிட்டு நான் மேக்குக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். கோபிசெட்டிபாளையம் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பிக்கு நானே மேக்புக் வாங்கச் சொன்னேன். அவர் எடிட்டிங் கற்றுக்கொண்டது பைனல் கட் புரோவில். அந்தப் புரோகிராம் விண்டோஸில் ஓடாது. மண்டபத்தில் ப்ளக் பாயின்ட் தேடாமல், காலை முகூர்த்தத்தின் வீடியோவை மதியப் பந்தி முடிவதற்குள் வெட்டிக் காட்ட வேண்டும். எம் வரிசை மேக்புக் ஏர் இந்த இடத்தில் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. வீடியோ பார்க்க 18 மணி நேரம் வரை பேட்டரி நிற்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. எடிட்டிங்கில் அவ்வளவு நிற்காது என்றாலும், ஒரு கல்யாணத்துக்குப் போதும். ஏர் மாடலில் பேன் இல்லாததால் சத்தமும் கிடையாது.

அவருக்கு நான் முன்கூட்டியே சொன்ன ஒரு எச்சரிக்கை உங்களுக்கும் உதவும். விண்டோஸில் பயன்படும் ஹார்ட் டிஸ்க்குகள் பல என்டிஎப்எஸ் என்ற முறையில் பார்மட் ஆகியிருக்கும். மேக் அதைப் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. வாடிக்கையாளர் கொண்டுவந்து கொடுக்கும் ஹார்ட் டிஸ்க்கில் வீடியோவை ஏற்ற முடியாமல் நிற்க வேண்டி வரும். இரண்டுக்கும் பொதுவானது எக்ஸ்பேட். உங்கள் பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் அந்த முறையில் பார்மட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். பழைய பேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை பைல் ஏறாது.

ஐபோனுக்கு ஆப் எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்கும் மேக் தேவை. அதற்கான எக்ஸ்கோட் புரோகிராம் வேறெதிலும் ஓடாது.

இன்ஜினியரிங் மாணவர்களில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பவர்களுக்குச் சி, ஜாவா, பைத்தான் எல்லாம் இரண்டிலும் நடக்கும். மெக்கானிக்கல் படிப்பவர்கள் யோசிக்க வேண்டும். கோவையில் பம்ப், மோட்டார், கிரைண்டர், ஜவுளி இயந்திரம் என்று எந்த டிசைன் பிரிவில் வேலைக்குப் போனாலும் எதிர்ப்படக்கூடிய சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டுமே உண்டு. ஆட்டோகேட் மேக்குக்கு உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் உள்ள எல்லா வசதியும் அதில் இருக்காது. பனியன் துணிக்கு எம்பிராய்டரி டிசைன் போடும் வில்காம் புரோகிராமும் விண்டோஸ்தான். கல்லூரியின் சீனியரிடம் லேபில் என்னென்ன புரோகிராம் இருக்கிறது என்று கேட்டால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். கடைக்காரரிடம் கேட்டால் கிடைக்காது.

தமிழில் டைப் செய்பவர்கள்

மேக்கில் தமிழ் வராது என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறேன். உண்மையில் இந்த விஷயத்தில் ஆப்பிள் பிந்தியிருக்கவில்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ்99 கீ போர்டுகளும் 2005ல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் டைகரிலேயே சேர்ந்துவிட்டன. செட்டிங்ஸில் கீ போர்டு பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்தால் போதும், எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழ் பெறுபவர்கள் அஞ்சலையும், முறைப்படி கற்றவர்கள் தமிழ்99ஐயும் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸில் யூனிகோட் தமிழ், லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000லேயே வந்துவிட்டது. ஒலி முறைக் கீ போர்டு 2019ல் விண்டோஸ் 10ல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றை இன்ஸ்டால் செய்துதான் பலரும் தமிழ் அடித்தோம். இவற்றில் பழகிய கை என்றால் விண்டோஸிலேயே தொடர்வது வசதி.

சிக்கல் பிரஸ்ஸில்தான் வரும். நம்மூரில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் பல இடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும், பேஜ்மேக்கரும், கோரல்டிராவும் இன்னும் ஓடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், 1985ல் பேஜ்மேக்கர் முதன்முதலில் வெளிவந்ததே மேக்குக்காகத்தான். டிடிபி என்ற தொழில் பிறந்தது அதில்தான். இன்றோ பேஜ்மேக்கரை நம்பி மேக் வாங்க முடியாது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001ல், அதற்குப் பின் வந்த மேக் எதுவும் அதற்காகக் காத்திருக்கவில்லை. கோரல்டிரா பல வருடங்கள் மேக்கை விட்டுவிட்டு, 2019ல் திரும்பி வந்தது. வீட்டிலேயே டிடிபி வேலை எடுத்துச் செய்யப் போகிறீர்கள் என்றால், வேலை கொடுக்கும் பிரஸ் எந்தப் புரோகிராமில், எந்த எழுத்துருவில் பைல் கேட்கிறது என்று விசாரித்துவிட்டு லேப்டாப் பாருங்கள். கதை, கட்டுரை எழுதி மெயிலில் அனுப்புபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, யூனிகோட் எங்கும் ஒன்றே.

வைரஸ் பற்றியும் கேட்பீர்கள். மேக்குக்கு வைரஸே வராது என்பது உண்மையல்ல. 2012ல் பிளாஷ்பேக் என்ற புரோகிராம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்தது. ஆனால் ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென் டிரைவ் வழியாக வருபவை பெரும்பாலும் விண்டோஸைக் குறிவைப்பவை. இப்போதைய விண்டோஸில் டிபெண்டர் உள்ளேயே இருக்கிறது. அப்டேட்களை நிறுத்தாமல் விட்டாலே வீட்டு உபயோகத்துக்குப் போதும். கடையில் கூடவே விற்கும் ஆன்டி வைரஸ் சிடி டப்பாவுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

விலையும் செகண்ட் ஹேண்டும்

எம்4 சிப் உள்ள மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 99,900 ரூபாய், மாணவர்களுக்கு 89,900 என்று ஆப்பிள் அறிவித்தது. மாடல் பழசானால் கடைகளில் இதைவிடக் குறையும். மேக்புக்கில் மெமரியைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசி வரை. விண்டோஸ் லேப்டாப் பலவற்றில் மெமரி, எஸ்எஸ்டியைப் பின்னால் மாற்றலாம். எல்லாவற்றிலும் முடியாது, மாடல் சொல்லிக் கேளுங்கள். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 99,900 ரூபாயில் சுமார் 15,200 ரூபாய் வரிதான். சொந்தத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்து, தொழிலுக்காகவே லேப்டாப் வாங்குபவர்கள் அந்த எண்ணைப் போட்டு பில் வாங்கிக்கொண்டு, வரியை எடுக்க முடியுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

விலை குறைவாக இருக்கிறதே என்று "டாஸ்" என எழுதிய லேப்டாப்பை எடுத்துவிடாதீர்கள். அதில் விண்டோஸ் இருக்காது. "நாங்களே போட்டுத் தர்றோமுங்க" என்று சில கடைகளில் சொல்வது பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாத காப்பி.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் சில வருடங்களை நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏறக்கூடிய லேப்டாப்பாகப் பாருங்கள். இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். மேக் பக்கம், இன்டெல் சிப் போட்ட மேக்குகளுக்குக் கிடைக்கும் கடைசிப் பதிப்பு 2025ல் வந்த மேக் ஓஎஸ் டஹோதான் என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. அதனால் இருபதாயிரத்துக்கு ஆப்பிள் கிடைக்கிறது என்று யாராவது அழைத்தால், "எம்1ஆ, இன்டெல்லா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். விற்பவர் தன் ஆப்பிள் அக்கவுண்டை விட்டு உங்கள் கண் முன்னால் வெளியேறி, மெஷினை முழுதாக அழித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்டிவேஷன் லாக் விழுந்து, கையில் இருப்பது அழகான அலுமினியத் தகடு.

வாங்கிய அன்று

புது லேப்டாப்பை முதல் தடவை ஆன் செய்யும்போது விண்டோஸ் 11 ஹோம் ஒரு மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கேட்கும். மேக் ஆப்பிள் அக்கவுண்ட் கேட்கும். கடையில் கூட்டமாக இருந்தால், அவசரத்துக்கு அங்கே வேலை செய்யும் தம்பி தன்னுடைய மெயில் ஐடியையே போட்டு முடித்துக் கொடுத்துவிடுவார். உதவி என்று நினைத்து நாமும் நன்றி சொல்லிவிட்டு வருவோம். இதை மட்டும் விடாதீர்கள்.

2024க்குப் பின் வரும் விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாப்ட் அக்கவுண்டோடு செட் செய்தவுடன், உள்ளே உள்ள எல்லா பைல்களும் தானாகப் பூட்டப்படுகின்றன. அதைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீ அந்த அக்கவுண்டில் போய்ச் சேர்கிறது. சாதாரண நாளில் இது தெரியவே தெரியாது. ஒருநாள் மதர்போர்டு மாற்றினாலோ, ஏதாவது அப்டேட் தடுமாறினாலோ, நீல ஸ்கிரீனில் அந்தக் கீயைக் கேட்கும். கீ இருப்பது வேலையை விட்டுப் போய்விட்ட யாரோ ஒருவருடைய மெயிலில் என்றால், மூன்று வருடக் கணக்கும், குழந்தையின் போட்டோக்களும் போனதுதான். எந்த சர்வீஸ் சென்டரும் மீட்டுத் தர முடியாது.

ஆகவே கடைக்குப் போகும் முன்பே உங்கள் பெயரில் ஒரு மெயில் ஐடி எடுத்துக்கொண்டு போங்கள். பாக்கெட்டில் போன் இருக்கட்டும், ஓடிபி வரும். வீட்டுக்கு வந்ததும் உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டைப் பிரவுசரில் திறந்து, அந்த ரெகவரி கீயை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, லேப்டாப் பில்லோடு சேர்த்து பீரோவில் பத்திரம் வைக்கும் தட்டிலேயே வைத்துவிடுங்கள். மேக் வாங்கியவர்கள், பைல்வால்ட் என்ற பூட்டு வசதியை ஆன் செய்யும்போது காட்டும் கீயையும் அதே தட்டில் வைக்கலாம். லேப்டாப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.